யார் மிதிக்கப் போகிறார்?

அன்பின் அண்ணா,

வன்னியில் விசுவமடுவுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது எங்கள் தோட்டத்தில் இறைப்பு நின்றுபோனது. எரிபொருள் வேண்டாத மெஷின் ஒன்று ஊருக்குப் பொதுவாக வேண்டும் என்று அன்றிலிருந்து மாதர் சங்கத்தில் பேசிக்கொண்டே இருக்கிறோம். இப்போது பழைய சைக்கிள்கள் சேர்த்து வைத்திருக்கிறோம். வெல்டிங் தெரிந்த ஒருவர் உதவுகிறேன் என்கிறார். ஷெல்லில் ஒரு கால் போனவர். மிதித்துக் கரண்ட் எடுக்கிற மெஷின்தான் முதலில் வேண்டும் என்கிறார்கள் பெடியள். இல்லை, தண்ணீர் இறைக்கத்தான் முதலில் என்கிறார்கள் அம்மாக்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

கரண்டை விட்டுவிடுங்கள். சாதாரண ஆள் ஒருவர் பெரிதாகக் களைக்காமல் ஒரு மணித்தியாலம் மிதித்தால் தரக்கூடிய வலு ஏறக்குறைய 75 வாட். ஒரு யூனிற்றில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட அது தேறாது. அதிலும் டைனமோவிலும் பற்றறியிலும் கொஞ்சம் போய்விடும். சண்டை நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாட். செய்தி கேட்க அது போதும், வேறு வழியும் இருக்கவில்லை. இன்றைக்கு 100 வாட் சோலார் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் தருவதை எடுக்க ஒருவர் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். பெடியளின் ஆசை எனக்கு விளங்குகிறது. அந்தக் கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது.

அம்மாக்கள் சொல்வதில் நியாயம் உண்டு. காலால் மிதிக்கும் பம்பி 1970களின் பிற்பகுதியில் வங்கதேசத்தில் உருவானது. மூங்கில் மிதிகட்டை இரண்டு, உருளை இரண்டு, அவ்வளவுதான். அங்கே சின்னக் கமக்காரர்களிடம் லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஐந்து மீற்றர் ஆழத்துத் தண்ணீர் என்றால், பாதி வலு வீணானாலும், மணிக்கு 2,500 லீற்றர் அளவில் மேலே வரும். ஆனால் உறிஞ்சி எடுக்கும் எந்தப் பம்பியும் நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேல் இழுக்காது. கோடை முற்றிய நேரம் உங்கள் கிணற்றில் கயிறு விட்டு அளந்து பாருங்கள். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் இந்தக் கதையை இப்போதைக்கு மூடி வைக்கலாம்.

என்னைக் கேட்டால் கச்சான் (நிலக்கடலை) உடைக்கும் மெஷினில் தொடங்குவேன். உங்கள் பக்கத்து மண்ணில் கச்சான் நன்றாக விளைகிறது. முருகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கிக் கொறிக்கிற கச்சான் கோதோடு வறுத்தது. பருப்பாக விற்க வேண்டியதை உடைப்பது யார்? உங்கள் சங்கத்துப் பெண்கள்தான். பெருவிரல் நுனி புண்ணாகும் வரை இருந்து உடைக்கிறார்கள். 75 வாட்டுக்கு அளவாக அமைந்த வேலை இது.

இதற்கு ஏற்கெனவே நல்ல வடிவம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஜொக் பிராண்டிஸ் என்பவர் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுப் பெண்களுக்காகச் செய்தது. யாரும் செய்யலாம், காப்புரிமை இல்லை. கொங்கிரீற்றில் வார்த்த கூம்பு ஒன்று, அதே வடிவிலான கூட்டுக்குள் சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே அகலம், கீழே ஒடுக்கம். மேலே போட்ட கச்சான் உருண்டு உருண்டு இறங்கி, தன் பருமனுக்கு ஒத்த இடம் வந்ததும் கோது வெடித்து, பருப்பும் கோதும் கலந்து கீழே விழும். சுளகில் புடைத்தால் சரி. கையால் சுற்றினாலே மணிக்கு 50 கிலோ அளவில் உடைக்கும். இடைவெளியைக் கூட்டிக் குறைக்க அச்சில் ஒரு நட்டு இருக்கும். முதலில் பெரிய கச்சானுக்கு அளவாக வையுங்கள். உடையாமல் விழும் சின்னதுகளைச் சேர்த்து, இறுக்கி, இன்னொரு தரம் போடுங்கள். விதைக் கச்சானை மட்டும் இதில் போடாதீர்கள். தோல் கீறுப்பட்டால் முளைப்புக் குறையும், அதற்குக் கைதான்.

கூம்பின் அச்சு நிமிர்ந்து நிற்கும். சைக்கிள் சில்லு சுற்றுவது வேறு திசை. ஒரு திருப்பில் நாலில் ஒரு பங்கு முறுக்கிப் போட்ட பெல்ட் ஒன்று இந்தத் திசை மாற்றத்தைச் சமாளிக்கும். உங்கள் வெல்டருக்குத் தலையிடி தரப்போகிற இடம் இதுதான்.

அப்புறம், நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். என் மனம் அதில்தான் நிற்கிறது. காலால் மிதிக்கிற மெஷின் என்று சொல்கிறோம். வன்னியில் எத்தனை பேருக்கு இரண்டு காலும் இருக்கிறது? செய்பவருக்கே ஒரு கால் இல்லை. ஊருக்குப் பொதுவான மெஷின் என்றால் அவரும் அதில் ஏறி இருந்து உழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். செய்து முடித்த பிறகு ஒட்டுப்போடலாம் என்று இதை விட்டுவைக்காதீர்கள்.

செய்ய முடியும். தையல் மெஷினை ஒற்றைக் காலாலும் ஓட்டலாம், பார்த்திருப்பீர்கள். மிதி கீழே போய் நிற்கிற அந்த ஒரு கணத்தில் பாரமான சில்லுதான் அதை இழுத்து மேலே கொண்டு வருகிறது. உங்கள் மெஷினிலும் பின்சில்லைப் பாரமாக்குங்கள். ரிம்முக்குள் கம்பி பின்னிச் சீமெந்து நிரப்பினால் போதும். நடுவாக நிரம்பாவிட்டால் சுற்றும்போது துள்ளும், கவனம். பின்சில்லு ஃபிரீவீலுக்கு (மிதிக்காதபோதும் சில்லைத் தன்பாட்டில் சுற்ற விடுகிற பல்லுச் சில்லு) அப்பால் இருப்பதால் கால் ஒரு நொடி ஓய்ந்தாலும் கூம்பு ஓயாது.

ஆனால் அந்தச் சில்லு பெடலைத் திருப்பி இழுத்துத் தராது, ஃபிரீவீல் விடாது. ஒற்றைக் காலால் மிதிக்கிறவர் தன் காலைத் தானே தூக்க வேண்டும். அதனால் பெடலில் பாதத்தை இறுக்கும் பட்டி வேண்டும், மற்றப் பக்கக் கிராங்கில் (பெடலைத் தாங்குகிற தண்டில்) கால் பாரத்துக்கு ஈடாக ஒரு இரும்புத் துண்டு வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை, வலப்பக்கத்துக்கு மாற்றிப் போட முடியாது. ஆகவே பட்டியை இரண்டு பெடலிலும் போட்டு, இரும்புத் துண்டைக் கழற்றிப் பூட்டக்கூடியதாக வையுங்கள். இரண்டு காலும் இல்லாதவருக்கு நெஞ்சு உயரத்தில் ஒரு கைப்பிடியும் இன்னொரு செயினும். கையின் வலு குறைவு, கச்சானைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஓடும்.

ஃபிரேமுக்கு லேடீஸ் சைக்கிளைத் தெரிவு செய்யுங்கள். குறுக்குக் கம்பி இல்லாததால் வயதான அம்மாவும் ஏறலாம், செயற்கைக் கால் போட்டவரும் ஏறலாம். சீற்றைக் கழற்றிவிட்டு முதுகு சாய்கிற கதிரை வையுங்கள். முதுகுக்கு அண்டை இருந்தால் கால் இன்னும் நன்றாகத் தள்ளும். செயினை முழுதாகத் தகரத்தால் மூடுங்கள். பக்கத்தில் குழந்தைகள் நிற்பார்கள், சேலைத் தலைப்பும் தொங்கும்.

சண்டை முடிந்த பிறகு வன்னிக்குள் வந்த எத்தனையோ மெஷின்கள் பொதுநோக்கு மண்டபங்களில் துருப்பிடிக்கின்றன. ஒரு சின்னப் பாகம் உடைந்தால் ஊரில் கிடைப்பதில்லை, அல்லது திறப்பு யாரிடம் என்று தெரிவதில்லை. உங்கள் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவரிடம் இல்லாத எதையும் இதில் பூட்டாதீர்கள். திறப்பு மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருக்கட்டும். கிறீஸுக்கும் செயினுக்கும் கிலோவுக்கு ஒரு சின்னத் தொகை எடுங்கள்.

கதிரையை வெல்டிங் பண்ண முன்னர் உங்கள் வெல்டரையும், சங்கத்திலேயே உயரம் குறைந்த அம்மாவையும் மாறி மாறி இருத்தி, கால் எட்டுகிற தூரத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். கதிரை முன்னும் பின்னும் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அந்த இரண்டு அளவையும் வைத்துச் சேர்ந்து தீர்மானிக்கலாம்.

அன்புடன்,
அண்ணா