அடுத்த கமிஷன் எப்ப வரும்? ரியல் எஸ்டேட் தொழில்: வாசகர் கேள்வி பதில்

ரியல் எஸ்டேட் ஏஜென்ட் வேலை பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதுக்கு வந்த கடிதத்துல பாதி "மாசம் எவ்ளோ சம்பாதிக்கலாம்"தான். அதையெல்லாம் ஓரமா வச்சுட்டு, இந்தத் தொழில்ல பல வருஷம் நிக்கணும்னு நெனக்கிறவங்க கேட்டத மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: சார், எனக்கு வயசு 29. சேல்ஸ்ல மாச சம்பளத்துக்கு இருக்கேன். நல்லா பேசுவேன், நீ ரியல் எஸ்டேட் போனா கலக்கிடுவேன்னு எல்லாரும் சொல்றாங்க. வேலைய விட்டுட்டு இறங்கலாமா?

பதில்: நல்லா பேசுறது இருக்கட்டும் தம்பி, எத்தன மாச வீட்டுச் செலவுக்கு கையில காசு இருக்கு, அத மொதல்ல சொல்லுங்க. இன்னைக்கு ஒரு பார்ட்டி உங்களுக்கு போன் பண்றாருன்னு வைங்க, தனக்கு என்ன வேணும்னு அவருக்கே தெரியறதுக்கு நாலஞ்சு வீடு சுத்தணும், அப்பறம் ஒண்ணு புடிக்கும், வீட்ல ஒருத்தருக்கு அது புடிக்காது, மறுபடி சுத்தணும், வெல பேசணும், அட்வான்ஸ் குடுக்கணும், வக்கீல் டாக்குமென்ட் பாக்கணும், பேங்க்காரன் லோனுக்கு இழுப்பான், கடைசில பத்திரம் முடியற சமயத்துலதான் பொதுவா கமிஷன் கைக்கு வரும். இதுல எந்த எடத்துல வேணா அறுந்து போகலாம். அறுந்துட்டா அதுவரைக்கும் அலைஞ்சதுக்கு சைபர், பெட்ரோல் காசு கூட தேறாது.

அதனால குறைஞ்சது ஆறு மாச செலவு தனியா இருக்கணும், ஒரு வருஷத்துக்கு இருந்தா இன்னும் நல்லது. இத நான் சும்மா பயமுறுத்த சொல்லல. அடுத்த மாச வாடகைக்கு காசு இல்லாத ஏஜென்ட் என்ன பண்ணுவாரு தெரியுமா, தண்ணி ஒழுகுற வீட்டக் கூட "சூப்பர் வீடு சார், இப்பவே டோக்கன் போட்டுடுங்க"ன்னு தள்ளிவிடப் பாப்பாரு. அந்த அவசரம் எதிர்ல இருக்கிறவருக்கு நல்லாவே தெரியும். "இது உங்களுக்கு வேணாம் சார், வேற பாப்போம்"னு வாய் தொறந்து சொல்றதுக்கே பேங்க்ல கொஞ்சம் காசு வேணும். அப்படி ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா அந்த ஆளு உங்கள விடமாட்டாரு, அவரோட மச்சானுக்கும் உங்க நம்பரத்தான் குடுப்பாரு.

இன்னொண்ணு, ஆரம்பத்துலயே வாடகை வீட்ட கேவலமா நெனக்காதீங்க. கமிஷன் கம்மிதான், ஆனா சீக்கிரம் முடியும், ஏரியா தெருத்தெருவா மனப்பாடம் ஆகும், இன்னைக்கு வாடகைக்கு வர்ற ஜோடி சில வருஷத்துல வாங்குறதுக்கும் வரும். ஊரு முழுக்க பாக்காம கொஞ்சம் தெருவ மட்டும் புடிச்சுக்கிட்டு அங்க எந்த வீடு என்ன வெலைக்கு கைமாறுச்சுன்னு கேட்டா டக்குனு சொல்ற அளவுக்கு வாங்க. கமிஷன் வந்ததும் வரிக்குன்னு ஒரு பங்க தனி அக்கவுன்ட்ல போட்டுடுங்க, ஏன்னா மாச சம்பளம் மாதிரி கணக்குப் போட்டு புடிச்சுக் குடுக்க உங்களுக்கு ஆபீஸ் இல்ல.

கேள்வி: வீட்டு ஓனர் மார்க்கெட்ட விட ரொம்ப அதிகமா வெல சொல்றாரு. நான் முடியாதுன்னா வேற ஏஜென்ட்கிட்ட போயிடுவாரு. சரின்னு எடுத்துக்கிட்டு அப்பறமா கொறைக்க வைக்கலாமா?

பதில்: நெறைய பேரு பண்றது இதத்தான். ஒரு வீடு புதுசா மார்க்கெட்டுக்கு வர்ற மொத ரெண்டு மூணு வாரம்தான் எல்லாரும் ஆர்வமா பாப்பாங்க. அந்த நேரத்த தப்பான வெலைல வீணாக்கிட்டா அப்பறம் வெல எறக்கினாலும் "இவ்ளோ நாளா ஏன் விக்கல, ஏதாச்சும் வில்லங்கமோ"ன்னுதான் கேப்பாங்க. ஓனர் கடைசில வீட்டையும் திட்டுவாரு உங்களையும் திட்டுவாரு. அதனால அக்கம்பக்கத்து வீடுங்க சமீபத்துல நெசமா வித்த வெலைய எழுதி ஓனர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, விளம்பரத்துல கேக்குற வெலைய இல்ல, ரெண்டும் ஒண்ணே கெடையாது. அதுக்கும் மசியலன்னா விட்டுடுங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பும் இருக்கு, சீக்கிரம் முடியட்டும்னு கொறஞ்ச வெலைக்கே ஓனர சம்மதிக்க வைக்கிறது. கணக்கு போட்டுப் பாருங்க, கமிஷன் 2 சதவீதம்னா, நீங்க இன்னும் ஒரு மாசம் அலைஞ்சு ஓனருக்கு 5 சதவீதம் கூட வாங்கிக் குடுத்தா உங்களுக்கு கெடைக்கிறது வீட்டு வெலைல வெறும் 0.1 சதவீதம்தான். அப்பறம் யாரு அலைவா? ஸ்டீவன் லெவிட், சாட் சிவெர்சன்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியருங்க சிகாகோ பக்கம் நடந்த கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீட்டு விற்பனைய ஆராய்ச்சி பண்ணி 2008ல வெளியிட்டாங்க. ஏஜென்ட் தன்னோட சொந்த வீட்ட விக்கும்போது கஸ்டமர் வீட்ட விட சராசரியா 9.5 நாள் கூட காத்திருக்காரு, 3.7 சதவீதம் கூட வெலையும் வாங்குறாருன்னு அதுல வந்துச்சு. ஜனங்களுக்கு நம்ம மேல சந்தேகம் ஏன் வருதுன்னு கேக்குறவங்க இத ஒரு தடவ படிச்சா போதும். சொந்த வீடா இருந்தா நான் இந்த வெலைக்கு விப்பேனான்னு கேட்டுப் பாத்துட்டு அப்பறமா ஓனர்கிட்ட பேசுங்க.

கேள்வி: தெனமும் ரீல்ஸ் போட்டே ஆகணுமா? எனக்கு கேமரா முன்னாடி வராது.

பதில்: வராதுன்னா விடுங்க மேடம். ஃபோட்டோ மட்டும் பகல் வெளிச்சத்துல, ரூம கூட்டித் தொடச்சுட்டு ஒழுங்கா எடுங்க. போன் வந்தா எடுங்க, எடுக்க முடியலன்னா அன்னைக்கே திருப்பிக் கூப்பிடுங்க. டான்ஸ் ஆடுற ஏஜென்ட் நெறைய பேரு இதக்கூட பண்றதில்ல.

கேள்வி: சொத்துல ஒரு பங்காளி கேஸ் இருக்கு. ஓனர் "நீங்களா சொல்லாதீங்க, கேட்டா பாத்துக்கலாம்"ங்கிறாரு. வாங்குறவங்களும் கேக்கல. என்ன பண்ண?

பதில்: சொல்லணும். ஓனர் சொல்லக் கூடாதுன்னு அடம் புடிச்சா அந்த வீட்டையே விட்டுட்டு வந்துடுங்க. வீடு வாங்குறவரு ஆயுசு சேமிப்ப கொண்டு வந்து வைக்கிறாரு, நாளைக்கு கோர்ட்ல நிக்கும்போது ஓனர் பேரு ஞாபகம் இருக்கோ இல்லியோ, வீட்டக் காட்டுன உங்க மூஞ்சி கண்டிப்பா ஞாபகம் இருக்கும். அதே மாதிரி "டாக்குமென்ட் எல்லாம் க்ளியர்"னு நீங்களா சர்டிஃபிகேட் குடுக்காதீங்க, அது வக்கீல் வேலை.

சட்டமும் நாடுநாடா இந்தப் பக்கம்தான் வருது. பிரிட்டன்ல 1979 எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டப்படி விக்கிற சொத்துல ஏஜென்டுக்கு சொந்த ஆதாயம் இருந்தா அத வெளிய சொல்லியாகணும். இந்தியாவுல ரெரான்னு சொல்ற 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஏஜென்டும் பதிவு பண்ணணும், பதிவாக வேண்டிய ப்ராஜெக்ட்ட பதிவில்லாம விக்க ஒதவக் கூடாதுன்னு சொல்லுது. சிங்கப்பூர்ல ஒரே டீல்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஏஜென்ட் நிக்கவே முடியாது, வீடு வாங்குற விக்கிற பணத்தையும் அவரு கையால தொடக் கூடாது. உங்க ஊர்ல அப்படி ரூல் இல்லன்னாலும் பணத்த உங்க அக்கவுன்ட்ல வாங்காதீங்க, நேரா ஓனருக்கே போகட்டும்.

கேள்வி: நாலு வருஷ அனுபவம். நான் காட்டுன வீட்ட பார்ட்டியும் ஓனரும் நேரடியா பேசி முடிச்சுட்டாங்க, என் கமிஷன் போச்சு. இத எப்படித் தடுக்கிறது?

பதில்: எழுதி வாங்கிட்டு காட்டுங்க. யாரு தர்றாங்க, எவ்ளோ, எப்ப, இந்த மூணும் ஒரு பக்கத்துல போதும். கூட்டிட்டுப் போன தேதி, நேரத்த அன்னைக்கே மெசேஜா அனுப்பி வைங்க. இவ்ளோ பண்ணியும் சில சமயம் ஏமாத்துவாங்க, அது இருக்கத்தான் செய்யும். ஆனா ஒரு விஷயம் யோசிங்க, வீடு காட்டுனதோட உங்க வேலை முடிஞ்சுதுன்னு அவங்களுக்குத் தோணினதாலதானே நீங்க இல்லாம முடிச்சாங்க? வெல பேசுறது, லோன், பதிவு நாள் வரைக்கும் கூட நிக்கிறவர கழட்டி விடுறது அவ்ளோ ஈசி இல்ல.

கேள்வி: மார்க்கெட் படுத்துடுச்சு. கூட இருந்தவங்க பாதி பேரு வேற வேலைக்குப் போயிட்டாங்க. நான் எப்படித் தாக்குப் புடிக்கிறது?

பதில்: படுக்கத்தான் செய்யும் அண்ணே. அமெரிக்காவுல 2021ல 61 லட்சம் பழைய வீடுங்க கைமாறுச்சு, வட்டி ஏறுனதும் 2023ல அது 41 லட்சமா கொறஞ்சது, மூணுல ஒரு பங்கு வியாபாரம் போச்சு. அப்பவும் அந்த 41 லட்சத்த யாரோ முடிச்சுக் குடுத்தாங்கல்ல? சொத்து பிரிக்கிறது, வேலை மாத்தல், விவாகரத்து, கொழந்தை பொறந்து எடம் பத்தாம போறது, இதெல்லாம் வட்டி விகிதம் பாத்து வர்றதில்ல. அப்படி அவசரம் வர்றவங்க விளம்பரம் தேடிட்டு இருக்க மாட்டாங்க, தெரிஞ்சவர கூப்பிடுவாங்க. அந்தத் தெரிஞ்சவர் நீங்களா இருக்கணும்.

அதுக்கு இதுவரைக்கும் முடிச்சுக் குடுத்த எல்லார் பேரையும் ஒரு நோட்ல எழுதுங்க. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ கூப்பிட்டு "வீடு எப்படி இருக்கு, ஒழுகுதுன்னு சொன்னீங்களே சரியாச்சா, ப்ளம்பர் நம்பர் வேணுமா"ன்னு கேளுங்க. "யாராச்சும் வீடு வாங்குறாங்களா"ன்னு அந்த போன்ல கேக்காதீங்க, அவங்களே சொல்லுவாங்க. எழுதும்போது சில பேரு நம்பரப் பாத்தா கூப்பிடவே கூச்சமா இருக்கும், அவங்களுக்கு என்ன பண்ணோம்னு உங்களுக்கே தெரியும். அதுலயும் சரி பண்ணக்கூடியது இருந்தா மொதல்ல அவங்களத்தான் கூப்பிடணும்.

கேள்வி: எனக்கு 52. ரிட்டயர்மென்ட் வாங்கிட்டு இதுல வரலாமா?

பதில்: தாராளமா வாங்க. ஓனருங்க பல பேரு உங்க வயசுக்காரங்கதான், பேச்சு சுலபமா ஓடும். பதிவு, லைசென்ஸ் உங்க எடத்துல என்ன கேக்குறாங்களோ அத முடிச்சுட்டு, ஏற்கனவே நல்லா பண்றவர்கிட்ட ஒரு வருஷம் கூட சுத்துங்க. கமிஷன்ல பாதிய அவரே எடுத்துக்கிட்டாலும் பரவால்ல, ஆனா யாருக்கு எவ்ளோ பங்குன்னு மொதல்லயே பேசி எழுதிக்குங்க.