கல்லூரித் தேர்வில் கூடுதல் நேரம் பெற மருத்துவர் சீட்டு போதுமா?

பார்வைக் குறைபாடுள்ள தம்பி இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மாற்றுத்திறனாளி சான்றிதழும், அதனுடன் வரும் யூ.டி.ஐ.டி. என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையும் வேண்டும். ஆனால் அவற்றுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால், உங்கள் தம்பியின் கண்ணில் எதை அளக்கப் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் போனதால் நான் இரண்டு பருவத் தேர்வுகளை இழந்தேன்.

எனக்கு ஊர் பாம்பன். அப்பா நாட்டுப்படகுக்குப் போகிறவர், அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அப்பாவுக்கு அம்மா அத்தை மகள். எனக்குச் சிறு வயதிலிருந்தே அந்தி சாய்ந்தால் வாசற்படி தெரியாது. ஊரில் அதற்கு மாலைக்கண் என்று பெயர் வைத்து, முருங்கைக் கீரையும் சுறா எண்ணெயும் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரியான வைத்தியம்தான். எனக்கு இருந்தது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற, மருத்துவர்கள் ஆர்.பி. என்று சுருக்கிச் சொல்லும், விழித்திரை நோய். பிறவியிலேயே மரபணுவில் வருவது, சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுவது. முதலில் இரவுப் பார்வை போகும். பிறகு பார்வையின் ஓரங்கள் சுருங்கிக்கொண்டே வந்து, குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். அந்த நடுப்பகுதி பல ஆண்டுகள் தெளிவாகவே இருக்கும். என் துன்பம் முழுவதும் அந்தத் தெளிவால் வந்தது.

பள்ளியில் இது பெரிதாக வெளியே தெரியவில்லை. 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்து, 2022-இல் இரண்டாம் பருவத் தேர்வைத் தேர்வறையில் உட்கார்ந்து எழுதியபோதுதான் எனக்கே புரிந்தது. கணக்குப்பதிவியல் தாளில் பேரேட்டின் பற்றுப் பக்கத்தைப் பார்த்தால் வரவுப் பக்கம் காணாமல் போகும். தலையைத் திருப்பி வரவுப் பக்கத்துக்குப் போனால், எந்த வரியில் விட்டேன் என்று மீண்டும் மேலிருந்து தேட வேண்டும். விடை தெரிந்த இரண்டு பெரிய கணக்குகளைத் தொடாமலே தாளைக் கொடுத்தேன். இரண்டு பாடங்களில் அரியர் விழுந்தது. எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் அழைத்து விசாரித்து, "சான்றிதழ் வாங்கிட்டு வாம்மா, கூடுதல் நேரத்துக்கு எழுதித் தர்றேன்" என்றார்.

அந்த செப்டம்பரில் அம்மாவும் நானும் சான்றிதழ் வழங்கும் மருத்துவமனைக்குப் போனோம். வாரத்தில் ஒரு நாள்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான பரிசோதனை என்பதால் நான் வகுப்பையும் அம்மா அன்றைய பாசிக் கூலியையும் விட வேண்டியிருந்தது. மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்தைய வரி வரை வாசித்தேன்.

"நல்லாத் தெரியுதேம்மா, உனக்கு எதுக்குச் சான்றிதழ்?"

"ஐயா, பொழுது சாஞ்சா இவ கையப் பிடிச்சுத்தான்யா கூட்டிட்டுப் போகணும்" என்றார் அம்மா.

"கீரை நிறையக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் குறைபாடு இல்லை என்று எழுதிவிட்டார்.

அந்த மருத்துவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அன்று வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை நானும் பார்த்தேன். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறைந்த பார்வை என்பதை எழுத்துப் பலகையை வைத்து மட்டும் வரையறுக்கவில்லை. நல்ல கண்ணின் பார்வைக் கூர்மை, அதாவது எழுத்துப் பலகையில் அளப்பது, 6/18-க்குக் கீழே இருந்தாலும் குறைந்த பார்வைதான். பார்வைப் புலம், அதாவது நேராகப் பார்க்கும்போது ஓரங்களையும் சேர்த்துத் தெரியும் பரப்பு, 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருந்தாலும் குறைந்த பார்வைதான். என்னிடம் அளக்க வேண்டியது இரண்டாவது. அதை அங்கே அளக்கவே இல்லை, அளக்கும்படி கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. நவம்பரில் மூன்றாம் பருவத் தேர்வையும் கூடுதல் நேரமில்லாமல்தான் எழுதினேன்.

பிறகு அதே பேராசிரியை சொல்லித்தான் மதுரையில் உள்ள கண் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஃபீல்டு டெஸ்ட் என்ற பார்வைப்புலப் பரிசோதனை செய்தார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் எங்காவது ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நீண்ட நேரம் எனக்கு எதுவுமே தெரியவில்லை. இயந்திரம் பழுதாகிவிட்டதோ என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பொட்டு வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றார். அச்சிட்டுத் தந்த தாளில் நடுவில் சிறு வெள்ளை வட்டம், சுற்றிலும் கறுப்பு. இரண்டு கண்களிலும் பார்வைப் புலம் ஏறத்தாழ 15 பாகை. சிறு வயதிலிருந்து வாயால் சொல்லிச் சொல்லி யாரும் நம்பாத ஒன்றை முதன்முதலாகத் தாளில் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

அந்தத் தாளை இணைத்து மறுபடி விண்ணப்பித்தோம். சான்றிதழில் உடன்பாடில்லை என்றால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. எங்களுக்கு அதற்குத் தேவை வரவில்லை, வேறொரு மருத்துவர் தாளைப் பார்த்ததும் குறைபாடு 70 சதவீதம் என்று எழுதினார். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய ரயில் பாலம் மூடப்பட்டுவிட்டதால் அந்த அலைச்சல் முழுவதும் பேருந்தில்தான். பொழுது சாய்ந்து ஊர் திரும்பும்போது என்னால் படியிறங்க முடியாது என்பதால் ஒவ்வொரு முறையும் அம்மா உடன் வந்தார். சான்றிதழுக்காகத் தனியாக வரச் சொல்லும் அலுவலகங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் மனக்குறை.

இனி உங்கள் தம்பிக்கு. விண்ணப்பம் இப்போது யூ.டி.ஐ.டி. இணையதளம் வழியாகத்தான், குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, மூன்று மணி நேரத் தேர்வில் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும் என்று நான் தேர்வு எழுதியபோது நடைமுறையில் இருந்த, மத்திய அரசு 29.08.2018 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. கணக்குப்படி மணிக்கு 20 நிமிடம். சொல்வதை எழுதுபவர் தேவை என்றால் கவனம்: அந்த நெறிமுறைகளின்படி, பார்வையின்மை என்ற பிரிவில் வருபவர்களுக்குக் கேட்டாலே கிடைத்தது, குறைந்த பார்வை உள்ளவர்கள், தன்னால் எழுத இயலாது என்று தலைமை மருத்துவ அலுவலர் நிலையில் உள்ளவரிடம் தனியாகச் சான்று வாங்க வேண்டியிருந்தது. தம்பியின் அளவு 40-க்குக் கீழே வந்தாலும் விட்டுவிடாதீர்கள். எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடுள்ள ஒருவரின் வழக்கில், எழுதுபவரைக் கேட்பதற்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, கண் தெரிகிறவர்களுக்கு எதற்குச் சலுகை என்று சிலர் எழுதக்கூடும். என் வகுப்பிலேயே, அந்த ஒரு மணி நேரத்தை எங்களுக்கும் கொடுத்தால் நாங்களும் முதல் வகுப்பு வாங்குவோம் என்றார்கள். நான் அந்த நேரத்தில் கூடுதலாக யோசிக்கவில்லை. விட்ட வரியைத் தேடினேன்.

விண்ணப்பத்தில் நோயின் பெயரோடு நிறுத்தாமல், அந்த நோயால் தேர்வறையில் எது முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். நான் முதலில் "ஆர்.பி. உள்ளது, கூடுதல் நேரம் தேவை" என்று மட்டும் எழுதினேன். நேரம் கிடைத்தது. ஆனால் பிற்பகல் இரண்டு மணித் தேர்வு எனக்கு ஆறு மணிக்கு முடியும்; நவம்பரில் ஆறு மணிக்கு இருட்டிவிடும். கிடைத்த அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கண் தெரியாத மணி நேரமாகப் போகும் என்பதை நானும் எழுதவில்லை, கொடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை. அடுத்த முறை, குழல்விளக்குக்கு நேர் கீழே இருக்கை, கணக்குத் தாள் பெரிய எழுத்தில், தேர்வு முடிந்ததும் விடுதி வரை ஒருவர் துணை என்று மூன்றையும் காரணத்தோடு எழுதினேன். மூன்றுமே கிடைத்தன.

கடிதத்தை முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, தேர்வு அட்டவணை வருவதற்கு முன்பே, ஒவ்வொரு பருவமும் புதிதாகக் கொடுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் "பெறப்பட்டது" என்று முத்திரையும் தேதியும் வாங்கித் தம்பியின் கையில் கொடுத்துவிடுங்கள். ஐந்தாம் பருவத்தில் நான் அதை வாங்காமல் விட்டேன். முதல் தாளன்று ஐந்து மணிக்கு மணி அடித்ததும் அறைக் கண்காணிப்பாளர் வந்து, "உனக்குன்னு எங்களுக்கு எந்தக் கடிதமும் வரலையேம்மா" என்று தாளைக் கேட்டார். பேராசிரியை ஓடி வந்து பேசி முடிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.