ஜீப்பின் பின்கதவை மாற்றினால் ஆர்.சி. புதுப்பிக்க முடியாதா?

கேள்வி: என் அப்பா 1973-இல் புதிதாக வாங்கிய மகிந்திரா சிஜே-3பி ஜீப் இப்போது என் பெயரில் இருக்கிறது. சங்கிலியில் தொங்கிக் கீழ்நோக்கித் திறக்கும் அதன் பின்கதவை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் திறக்கும் கதவு ஒன்றைப் பட்டறையில் செய்து மாட்டினேன். ஸ்டெப்னியையும் அந்தக் கதவிலேயே பொருத்திவிட்டார்கள். பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோனபோது, “மாற்றியமைத்த வண்டி, பழையபடி ஆக்கிக்கொண்டு வாருங்கள்” என்று மோட்டார் வாகன ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு கதவைக்கூட மாற்றக் கூடாதா? இன்சூரன்ஸ் செல்லுமா? வின்டேஜ் வாகனமாகப் பதிந்துகொண்டால் சிக்கல் தீருமா? “ஒன்றும் ஆகாது” என்று சொன்ன பட்டறைக்காரர்மீது வழக்குத் தொடரலாமா?

பதில்: கதவை மாற்றியது குற்றமா என்று கேட்கிறீர்கள். ஆய்வாளர் கவனித்தது கதவை அல்ல, கதவுக்காக எதை வெட்டினீர்கள் என்பதை. நீங்கள் அனுப்பிய படங்களில், பழைய கீல்கள் இருந்த பின்பக்கத் தகடு அறுக்கப்பட்டு, இடது மூலையில் புதிய இரும்புச் சட்டம் வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் வழக்கின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால் என்ன என்பதற்கு அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது: வாகனத்தின் அடிப்படைத் தன்மை மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றம். பின்கதவு கீழே திறந்தால் என்ன, பக்கத்தில் திறந்தால் என்ன, ஜீப் ஜீப்தானே என்று நீங்கள் வாதாடலாம். அந்த வாதத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. இந்த ஜீப் குடும்பத்தின் மூத்த வண்டியான, இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி-யில் பின்கதவே கிடையாது. 1945-இல் பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ-வில்தான் அது முளைத்தது. கதவு இல்லாமலேயே ஒரு போரை ஓட்டி முடித்த வண்டிக்குக் கதவு அடிப்படைத் தன்மையா என்று நீதிமன்றத்தில் கேட்க எனக்கும் ஆசைதான்.

ஆனால், 2019 ஜனவரியில் கேரள வட்டாரப் போக்குவரத்து அலுவலர் தொடர்ந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த வாதத்துக்கு இடத்தைச் சுருக்கிவிட்டது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, மாநில விதிகள் அனுமதிப்பதுபோல் தெரிந்தாலும் சட்டப் பிரிவே மேலானது என்று அது சொன்னது. அதற்குப் பிறகு, வெட்டி ஒட்டிய உடற்கூட்டைப் பார்க்கும் ஆய்வாளர் கையெழுத்துப் போடத் தயங்குவதில் வியப்பில்லை. திருகாணியால் மாட்டி, திருகாணியைக் கழற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும் பொருத்துதல் என்றால் பேச இடம் இருந்திருக்கும்.

தண்டனையைப் பொறுத்தவரை, 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தைக் கட்டிவிட்டால் மாற்றம் செல்லுபடியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த சோதனையிலும் நீங்கள் மாட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். படத்தில் ஸ்டெப்னி, நம்பர் பிளேட்டின் பாதியை மறைக்கிறது. வலப்பக்கச் சிவப்பு விளக்கையும் ஓரளவு மறைக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 105-ஆம் விதிப்படி பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். பின் எண்ணைப் படிக்கும் அளவுக்கு வெள்ளை விளக்கு 15 மீட்டர் வரை அதைக் காட்ட வேண்டும். கதவின் கட்டமைப்பைப் பற்றி இரண்டு வழக்கறிஞர்கள் இரண்டு விதமாகப் பேசலாம். இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கதவு வழக்கில் வென்றாலும் இதில் தோற்பீர்கள்.

ஆய்வாளர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பதிவைப் புதுப்பிக்க மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி பதிவு அலுவலருக்கு மனு கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் 57-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை, பதிவு காலாவதியாகியிருந்தால் வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் கேள்விக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. உங்கள் வண்டி மோதி வேறொருவர் காயமடைந்தால், அவருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் தட்டிக்கழிக்கச் சட்டம் குறைந்த காரணங்களையே அனுமதிக்கிறது. சொந்த வண்டிக்கான சேதம் வேறு கதை. பாலிசி எடுத்தபோதோ புதுப்பித்தபோதோ மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்று காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். ஸ்டெப்னியின் பாரம் தாங்காமல் கீல் முறிந்து, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்மீது டயர் விழுந்தால், பட்டறை வேலையின் தரம்தான் முதலில் விசாரணைக்கு வரும். ஒரு கதவு அசைந்தாடும் சுமையைத் தாங்குவது, அசையாத பக்கத் தகடு தாங்குவதுபோல் அல்ல. உங்கள் ஜீப்பில் ஸ்டெப்னி பக்கவாட்டில் இருந்ததற்குக் காரணம் உண்டு.

வின்டேஜ் பதிவு நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக வேலை செய்யும். 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதற்குத் தகுதி பெறும். ஆனால் அவை மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேசிஸிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. ஆக, 1973-ஆம் ஆண்டு உங்களுக்குக் கொடுத்த தகுதியைப் புதிய கதவு பறித்துக்கொண்டது. அப்படியே பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். வாரம் ஐந்து நாள் தோட்டத்துக்குப் போகும் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது பொருந்தாது.

பட்டறைக்காரர் விஷயத்தில் உங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. சட்டத்தின் 2(8) பிரிவில் ‘டீலர்’ என்ற சொல்லுக்குள் வாகனங்களைப் பழுதுபார்ப்பவரும் அடக்கம். வாகனக் கட்டமைப்பு, விளக்கு முதலியவற்றுக்கான விதிகளை மீறி வாகனத்தை மாற்றும் டீலருக்கு 182ஏ(1) பிரிவு, வாகனம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. விளக்கை மறைத்த டயர் இங்கே உங்களுக்கு உதவக்கூடும். அதோடு, சேவைக் குறைபாட்டுக்கு நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். ஆனால் முழுத் தொகையையும் எதிர்பார்க்காதீர்கள். வேலையைக் கேட்டு வாங்கியவர் நீங்கள். சட்டம் தெரியாது என்ற பதிலை ஆணையமும் முழுமையாக ஏற்காது. கதவுக்குக் கொடுத்த பணமும், பழையபடி ஆக்கும் செலவும் கிடைத்தாலே நல்ல முடிவு.

வழக்கறிஞர் என்ற முறையில் மேல்முறையீட்டுக்குத் தயாராகுங்கள் என்று சொல்வதே எனக்கு இலாபம். ஆனாலும் கதவைத் திரும்ப மாட்டுவதே குறைந்த செலவு என்று நினைக்கிறேன். மேல்முறையீடு முடியும் வரை தோட்டத்துக்கு எதில் போவீர்கள்? அறுத்த தகட்டை அளவு பார்த்து, நல்ல டின்கரிங் ஆளிடம் முன்பிருந்த வடிவத்துக்கே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். அதே ஆய்வாளரிடம் திரும்பக் காட்டும்போது படங்கள் பேசும்.

அதற்கு முன்னால் பட்டறைக்குப் போங்கள். கழற்றிய பழைய கதவு இன்னும் அங்கே சுவரில் சாய்ந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் சங்கிலியோடு அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.