இரட்டைக் கன்று, கூவும் பெட்டை, மொட்டைக் கெடா

கேள்வி: எங்கள் காங்கேயம் மாடு ஒரே ஈத்தில் காளையும் கிடாரியுமாக இரண்டு கன்று போட்டிருக்கிறது. கிடாரியை வளர்க்கலாமா? (ஊதியூர் பக்கத்திலிருந்து)

வளர்க்கலாம், ஆனால் சினை பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். காளையோடு பிறந்த கிடாரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடுதான். வயிற்றுக்குள் இருக்கும்போதே இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் ஒட்டிக்கொள்கின்றன. காளைக்கன்றின் விதை (விரை) சுரக்கும் ஹார்மோன், கருப்பையாக வளர வேண்டிய குழாயைக் கரைப்பது. தன் உடம்புக்காக அது சுரப்பது கிடாரிக்கும் போய்ச் சேர்கிறது. கிடாரிக்கு உள்ளே கருப்பை சரியாக அமையாது, முட்டை உருவாகும் சினைப்பையும் விதைபோல மாறத் தொடங்கும். வெளியே பார்த்தால் அழகான கிடாரி! அறையின் (பிறப்புறுப்பின்) அடியில் நீளமாக மயிர்க்கொத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறந்து சில வாரங்களில் மருத்துவர் மழுங்கிய குழாயை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார். சாதாரணக் கன்றில் போகிற தூரத்தில் பாதிதான் போகும். மூன்று வருஷம் தீனி போட்டுவிட்டு அழுவதைவிட இது மேல்.

கேள்வி: முட்டை வைத்துக்கொண்டிருந்த நாட்டுக்கோழி இப்போது சேவல்போலக் கூவுகிறது. வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள்.

கோழிக்கு இடதுபக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். நோயிலோ கட்டியிலோ அது கெட்டுப்போனால், சும்மா கிடந்த வலதுபக்கத் திசு விதையின் சாயலில் வளரலாம். கொண்டை பெருக்கும், கூவும். அறுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், பழியைச் சகுனத்தின்மேல் போடாதீர்கள்.

கேள்வி: உறுப்பை உருவாக்கிய ஜீன்கள் வளர்ந்தபின் ஓய்வெடுத்துவிடுமா? (நாமக்கல் கால்நடை மருத்துவ மாணவி)

நானும் படிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். வீட்டைக் கட்டிய கொத்தனார் கிளம்பிவிடுவார் அல்லவா? ஆனால் இது கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலி மாதிரி, நட்டதோடு முடியாது, இடைவெளி விழ விழ அடைத்துக்கொண்டே இருக்கணும். 2009-இல் வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் ஃபாக்ஸ்எல்2 என்ற ஒரே ஜீனை அணைத்தார்கள். மூன்றே வாரத்தில் அங்கிருந்த செல்கள் விதையின் செல்களாக மாறின, ஆண் எலி அளவுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் சுரந்தது. 2011-இல் ஆண் எலியின் டிஎம்ஆர்டி1 ஜீனை எடுத்ததும் எதிர்த்திசையில் அதே கதை. அப்புறம் கருப்பை. கருவில் எந்தப் பகுதி எதுவாக வேண்டும் என்று இடம் குறிப்பவை ஹாக்ஸ் ஜீன்கள். அவற்றில் ஹாக்ஸ்ஏ10, வளர்ந்த உயிரின் கருப்பையிலும் ஹார்மோனுக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. அது இல்லாத எலியில் கரு சரியாக ஒட்டுவதில்லை.

கேள்வி: மொட்டை (கொம்பில்லாத) வெள்ளாட்டுக் கெடாவை மொட்டைப் பெட்டையோடு சேர்க்கலாமா?

சானன் போன்ற சீமை வெள்ளாட்டில் வேண்டாம், கொம்புள்ள ஒன்றைச் சேருங்கள். கொம்பை நிறுத்தும் அதே மரபணுக் குறை ஃபாக்ஸ்எல்2-ஐயும் முடக்குவதால், இரண்டு பக்கமும் அது வந்துவிட்ட பெட்டைக்குட்டி ஆணும் பெண்ணும் கலந்ததாகப் பிறக்கும். மேச்சேரி செம்மறிக்கு இந்தப் பயமே வேண்டாம், அது பிறவியிலேயே மொட்டை இனம்.

கேள்வி: மூன்று தடவை சினை ஊசி போட்டும் மாடு சினை நிற்கவில்லை. ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

காசை வீணாக்காதீர்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள்: பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. அப்புறம் அறையிலிருந்து வழியும் வழும்பு கண்ணாடிபோல் இருக்கிறதா, சீழ் கலந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.