அட்டையில் அச்சடிக்காத வசனம்

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள டீச்சர் வேலையை விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. எனக்கு வயது 39, கல்யாணம் ஆகவில்லை. வருடப்பிறப்பு ஆராதனையில் எரேமியா 29:11 எனக்கு இந்த வருடத்து வாக்குத்தத்த வசனமாக அட்டையில் வந்தது. சபையில் பார்க்கிற எல்லோரும் "மனரம்மியமாய் இரு, சீக்கிரம் விடுதலை வரும்" என்கிறார்கள். எனக்கோ சமாதானமே இல்லை. என் வாழ்க்கை நின்றுபோய்விட்டது. இதில் தேவ நோக்கம் என்ன? என் விசுவாசத்தில் குறைவா?
- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறைவில்லை. உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நாலுக்கும் அலாரம் வைத்து எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள், இதுவரை முதுகில் ஒரு புண்கூட வரவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்டவரிடம் வந்து விசுவாசத்தை அளந்து பார்க்க யாருக்கும் தகுதி கிடையாது.

சரி, எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நம் வீடுகளில் அட்டையாகவும் காலண்டராகவும் தொங்குகிற வசனம். இது எரேமியா தீர்க்கதரிசி யாருக்கு எழுதின கடிதத்தில் வருகிறது? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு. ஒரு அதிகாரம் முன்னே போய்ப் பாருங்கள், அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி, பாபிலோனுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அது பொய் என்றார் கர்த்தர். எரேமியா எழுதின கணக்கு எழுபது வருடம். 11ஆம் வசனத்துக்கு நேர் மேலே, 10ஆம் வசனத்திலேயே இருக்கிறது. அதாவது அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை, பாபிலோனிலேயே சாகப்போகிறவர்கள். அவர்களிடம்தான் கர்த்தர் "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்கிறார். "சீக்கிரம் விடுதலை வரும்" என்று உங்களிடம் சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் பேசுவது அனனியாவின் பேச்சு. தேதி குறிக்க அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

சரி, அந்த எழுபது வருடமும் என்ன செய்யச் சொன்னார்? அதை 5ஆம் வசனத்தில் பாருங்கள். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். விடுதலை வந்த பிற்பாடு நட வேண்டிய தோட்டம் என்று சொல்லவில்லை, பாபிலோன் மண்ணிலேயே நடச் சொன்னார். இந்த இடத்தில் உங்களிடமும் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டியிருக்கிறது. "வாழ்க்கை நின்றுபோய்விட்டது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், பேச்சு போய்விட்ட அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனை பாட ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே அம்மாவின் வாய் தானாக வார்த்தைகளோடு சேர்ந்துகொள்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நின்றுபோன வாழ்க்கையில் இது நடக்குமா, அம்மா? தேவ நோக்கம் இந்தக் கட்டிலுக்கு அப்புறம் எங்கேயோ காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் பக்கத்து ஜில்லாவிலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951 ஜனவரியில் இறக்கும் வரை பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடு. எழுதினதில் நிறைய அந்தக் கட்டிலிலிருந்துதான். சுகமாக இருக்கிறவர்கள் நோயாளிகளுக்காக எழுதின ஆறுதல் புத்தகங்கள் தன்னைத் தொடவில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். உங்களுக்கு அந்தப் பேச்சுகள் கசப்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

அப்புறம் மனரம்மியம், அதாவது இருக்கிற நிலையில் மனநிறைவு. பிலிப்பியர் 4:11-ல் பவுல் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். காவலில் இருந்து எழுதுகிறார், "கற்றுக்கொண்டேன்" என்கிறார். கற்றுக்கொள்கிற விஷயத்துக்கு நாள் எடுக்கும், டீச்சரான உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுகை வருகிற நாளில் அழலாம். எல்லோரும் "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிற 13ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த வசனத்தையும் படியுங்கள்: "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." பிலிப்பி சபை பவுலுக்கு வெறும் வசனம் எழுதி அனுப்பவில்லை. எப்பாப்பிரோதீத்து என்கிற ஆளையே காணிக்கையோடு அனுப்பினது, அவன் வந்த இடத்தில் சாகும் அளவுக்கு வியாதிப்பட்டான். மனரம்மியமாய் இருந்த பவுலுக்கே ஆள் வேண்டியிருந்தது!

என் அப்பா பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தபோது ஜெபிக்க வந்தவர்கள் நிறையப் பேர். "நீ போய்த் தூங்கு தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்று சனிக்கிழமை தவறாமல் ராத்திரி வந்து உட்கார்ந்தவர் எங்கள் கோயில்குட்டியார், அதாவது கோயில் வேலைகளைப் பார்க்கிற ஊழியர், ஒருவர்தான். அவர் எந்த வசனமும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இதைப் படிக்கிற சபையாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வாரத்தில் ஒரு ராத்திரி இந்தப் பெண் அலாரம் வைக்காமல் தூங்க வேண்டும். யார் முறை என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்.

சகோதரி, அந்த அட்டையைக் கழற்ற வேண்டாம். காலியாக இருக்கிற இடத்தில் அதே எரேமியா 29-ன் 5ஆம் வசனத்தையும் 10ஆம் வசனத்தையும் உங்கள் கையாலேயே எழுதி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியத் தலைவியிடம் போய், சனிக்கிழமை இரவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று வாயைத் திறந்து கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.