மண்டையில் அடிபட்ட பிறகு எப்போது நடக்கலாம், எப்போது ஓடலாம்?

தலையில் அடிபட்டவர்களின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். இதில் ஒன்று அவசரமானது, அதற்கு முதலில் பதில்.

அப்பாவுக்கு 68 வயது. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று குளியலறையில் வழுக்கிப் பின்தலையில் அடி. தூங்கிக்கொண்டே இருக்கிறார். என்ன பயிற்சி கொடுக்கலாம்? (மேலூர்)

பயிற்சி எதுவும் வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மூளைக்குள் ரத்தம் மெதுவாகக் கசியலாம். எந்த வயதினராக இருந்தாலும் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்வு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மகனுக்கு 16 வயது. கபடியில் எதிரணிப் பையனின் முழங்கால் நெற்றியில் பட்டுவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். பத்து நாளாக ஜன்னலைச் சாத்தி இருட்டறையில் படுக்க வைத்திருக்கிறோம். தலைவலியும் கிறுகிறுப்பும் போனபாடில்லை. இன்னும் எத்தனை நாள் ஓய்வு? (உசிலம்பட்டி)

அம்மா, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஓய்வு என்பது முதல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான். அந்த நாட்களில் செல்போனையும் டிவியையும் நன்றாகக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகும் படுத்தே கிடந்தால் உடம்பு தளரும், தூக்கம் கெடும், மனசு சோர்ந்துபோகும். அந்தச் சோர்வே தலைவலியாக நீடிக்கும். நானும் ஒரு காலத்தில் இருட்டறை ஓய்வைத்தான் சொல்லி அனுப்பினேன். அப்போது எங்களுக்குச் சொல்லித்தந்தது அதுதான்.

ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். அடியில் மூளை குலுங்கிப்போகும் மூளை அதிர்வில் பழுதாவது மூளை வேலை செய்யும் விதம். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் இதயத் துடிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் தடுமாறும். அளவான உடற்பயிற்சி அந்த ஒழுங்கைத் திரும்பப் பழக்குகிறது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெடி குழு, அடிபட்ட 103 இளம் விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டது. அளவாக மூச்சு வாங்கும்படி நடை, சைக்கிள் போன்ற பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேர் 13 நாளுக்குள் தேறினார்கள். தசையை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் பாதிப் பேர் தேற 17 நாள் ஆனது.

மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் 10 நிமிடம் சமதரையில் நடக்கச் சொல்லுங்கள். தாங்கினால் மெல்ல 20 நிமிடம் வரை கூட்டலாம். பள்ளிக்கும் அரை நாளாவது அனுப்புங்கள். முழு நாள் பள்ளியே தாங்காத பிள்ளை கபடிக் களத்துக்குப் போகக் கூடாது.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். இரண்டாவது சுற்றில் தலை கனக்கிறது. நிறுத்திவிடவா? (காமராஜர் சாலை)

எவ்வளவு கனக்கிறது என்பதுதான் முக்கியம். நடக்குமுன் உங்கள் தொந்தரவுக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். நடக்கும்போது அது 2 புள்ளி வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை, தொடரலாம். அதற்கு மேல் ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் வேகத்தைக் குறையுங்கள்.

பிசியோதெரபி மையத்தில் டிரெட்மில்லில் ஏற்றி இதைத் துல்லியமாகவே அளந்துவிடலாம். நடை வேகத்தை மாற்றாமல், நிமிடத்துக்கு நிமிடம் சாய்வைக் கூட்டுவோம். தொந்தரவு 3 புள்ளி ஏறும் இடத்தில் நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்வோம். அது 140 என்றால் அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 112-லிருந்து 126 வரை, உங்கள் பயிற்சி எல்லை. தினமும் 20 நிமிடம் போதும். வாரம் ஒருமுறை எல்லையை மறுபடி பார்த்து உயர்த்தலாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைக்கும். அப்படி ஏதாவது சாப்பிட்டால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். மதுரை வெயிலே தலைவலியைக் கொடுக்கும். எட்டு மணிக்கு மேல் நடந்துவிட்டு, வந்த வலி அடியாலா வெயிலாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விடியற்காலையில் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்கூட்டியிலிருந்து விழுந்து ஒரு மாதம் ஆகிறது. கட்டிலில் புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. நடந்தால் சரியாகுமா? (திருநகர்)

நடையால் இது தீராது. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் அடியில் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்கவைத்து அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே நிற்கும். விழுந்ததில் கழுத்தும் அடிபட்டிருக்கலாம், அதனால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ தேர்ந்த பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். வீடியோ பார்த்து நீங்களாகக் கழுத்தைத் திருப்பாதீர்கள்.

பொங்கலன்று அவனியாபுரத்தில் மாடு தூக்கிப் போட்டு மண்டையில் அடி. ஒரு நிமிடம் நினைவில்லை. ஆனாலும் இரண்டு நாள் கழித்து அலங்காநல்லூரில் இறங்கினேன். இப்போது தலைவலி இல்லை. மாசியில் சிவகங்கைப் பக்கம் மஞ்சுவிரட்டுக்குப் போகலாமா? (மாடுபிடி வீரர், 24)

தம்பி, அலங்காநல்லூரில் நீங்கள் இறங்கியதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது விழுந்தால், அரிதாக மூளை திடீரென வீங்கி உயிரே போயிருக்கிறது. அடிபட்ட மூளைக்கு நிதானமும் குறையும். மாட்டின் முன்னால் அரை நொடி தாமதம் போதும்.

வலியில்லாமல் உட்கார்ந்திருப்பது மட்டும் கணக்கில்லை. முதலில் அன்றாட வேலை, அப்புறம் நடையும் சைக்கிளும், அப்புறம் ஓட்டமும் திசை மாறித் திரும்புவதும். இதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது வேண்டும். முழு வேகத்தில் ஓடி மூச்சு வாங்கிய பிறகும் தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் வராதபோது மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்ற பிறகுதான் மோதல் உள்ள பயிற்சி, அதற்கும் பிறகுதான் களம். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நாளைக் காலை நடையில் தொடங்குங்கள். மாசிக்குள் எல்லாப் படியும் முடியவில்லை என்றால் இந்த வருடம் மாடுகளை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.