'இஷ்யூ' என்றால் பிரச்சினை மட்டும்தானா?

தாத்தாவின் பழைய ஆங்கிலப் பத்திரத்தில், அவருடைய தம்பி 'டைடு வித்தவுட் இஷ்யூ' என்று இருக்கிறது. பிரச்சினை இல்லாமல் இறந்தார் என்கிறார்களா?

பிள்ளை இல்லாமல் இறந்தார் என்கிறார்கள். பத்திர ஆங்கிலத்தில் 'இஷ்யூ' என்றால் நேர்வழிச் சந்ததி: மகன், மகள், பேரன், பேத்தி, அவர்களுக்குக் கீழேயும்.

மொழிபெயர்க்கும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். 'பிள்ளைகள்' என்று எழுதினால் பொருள் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். மகன் முன்பே இறந்து பேரன் மட்டும் இருக்கும் குடும்பத்தில் அந்த ஒரு சொல்லே வழக்காகிவிடும். 'வாரிசு' என்று எழுதினால் எல்லை அகன்றுவிடும். மனைவியும் தாயும் வாரிசுகளாகலாம், ஆனால் 'இஷ்யூ' ஆக மாட்டார்கள். 'சந்ததி' அல்லது 'வழித்தோன்றல்' என்பதே சரி. இந்தப் பொருளில் சொல்லுக்குப் பன்மை கிடையாது. 'டூ இஷ்யூஸ்' என்று இரண்டு பிள்ளைகளைக் குறிப்பது நம் ஊர் ஆங்கிலம்.

சிவில் வழக்கில் 'இஷ்யூஸ் ஃபிரேம் பண்ணியாச்சு' என்கிறார் வக்கீல். புதிதாக ஏதாவது சிக்கலா?

சிக்கல் இல்லை, வழக்கு ஒரு படி நகர்ந்திருக்கிறது. நீதிமன்றத் தமிழில் இதற்கு 'எழுவினா' என்று பெயர். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 14 இதைப் பற்றியது. வழக்குக்கு முக்கியமான ஒன்றை ஒரு தரப்பு உண்டு என்று சொல்லி மறுதரப்பு இல்லை என்றால், அங்கே ஓர் எழுவினா பிறக்கிறது.

உதாரணத்துக்கு, 2 லட்சம் ரூபாய்க்குப் புரோநோட்டு. கையெழுத்து தன்னுடையதுதான் என்று பிரதிவாதி ஒப்புக்கொள்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறார். கையெழுத்து எழுவினா ஆகாது, அதில் தகராறே இல்லை. 'கடன் திருப்பிச் செலுத்தப்பட்டதா?' என்பதுதான் எழுவினா. செலுத்தினேன் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும், ஆகவே ரசீதைத் தேடும் வேலை பிரதிவாதிக்கு. இந்த எழுவினா பொருண்மை, அதாவது நடந்தது என்ன என்பது பற்றியது. 'இந்த வழக்கை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா?' என்பது போன்றவை சட்டம் பற்றியவை.

'எழுவினா' வினைத்தொகை: எழுந்த, எழுகின்ற, எழும் வினா. ஆங்கிலச் சொல்லைவிட அழகாகவே அமைந்திருக்கிறது.

ஒரே சொல்லுக்கு ஒட்டாத இத்தனை பொருள்கள் எப்படி?

ஒட்டுகின்றன. வெளியே போவதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. 'எக்ஸிட்' இதற்கு உறவு. வயிற்றிலிருந்து வெளிவந்தால் பிள்ளை, அச்சகத்திலிருந்து வந்தால் இதழ், நீதிமன்றத்திலிருந்து வந்தால் பிறப்பித்த ஆணை, புகைபோக்கியிலிருந்து வந்தால் வெளியேறும் புகை. இரு தரப்பு வாதத்திலிருந்து வெளிவந்து நிற்கும் கேள்வியும் 'இஷ்யூ'. அதிலிருந்துதான் 'விவகாரம்' என்ற பொருள் கிளைத்தது. 'பிரச்சினை' அதற்கும் பிந்தியது. மொழிபெயர்க்கும்போது எது, எங்கிருந்து வெளிவருகிறது என்று பாருங்கள். தமிழ்ச்சொல் தானாகக் கிடைக்கும்.

'ரைட்ஸ் இஷ்யூ' என்று பங்கு நிறுவனத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. உரிமைத் தகராறா?

உரிமைப் பங்கு வெளியீடு. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவருக்கு, வைத்திருக்கும் அளவுக்கேற்பப் புதிய பங்கு வாங்கும் உரிமை. 4 பங்குக்கு 1 என்றால், 100 வைத்திருப்பவர் 25 வாங்கலாம். வெளியீட்டு விலை 80 ரூபாய் என்றால் 2,000 ரூபாய் கட்ட வேண்டும். விருப்பமில்லையென்றால் கெடுவுக்குள் அந்த உரிமையை விற்றுவிடலாம். சும்மா இருந்தால் உரிமை காலாவதியாகிவிடும், இழப்பு உங்களுக்குத்தான். 'போனஸ் இஷ்யூ' வேறு. அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

படிவத்தில் 'பிளேஸ் ஆஃப் இஷ்யூ' என்ற இடத்தில் பிறந்த ஊரை எழுதலாமா?

கூடாது. பாஸ்போர்ட் வழங்கப்பட்ட இடம் அது. பாஸ்போர்ட்டில் மதுரை என்று அச்சிட்டிருந்தால், நீங்கள் பிறந்தது தேனியானாலும் மதுரைதான்.

பத்திரிகையில் 'இஷ்யூ', 'எடிஷன்' என்ன வேறுபாடு?

'இஷ்யூ' இதழ், இந்த வாரத்தது, அடுத்த வாரத்தது என்று தேதியால் மாறும். 'எடிஷன்' பதிப்பு, ஒரே நாளில் கோவைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று இருக்கலாம். தமிழ்ப் பத்திரிகை முகப்பில் 'மலர் 5, இதழ் 3' என்று இருந்தால் அந்த இதழ்தான் 'இஷ்யூ'. மலர் என்பது 'வால்யூம்'.

அலுவலக மெயிலில் 'பிராப்ளம்' என்பதற்குப் பதில் 'இஷ்யூ' போடலாமா?

பல இடங்களில் போடலாம், மென்பொருள்காரர்கள் பிழைக்கே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் 'பிராப்ளம்' தீர்வு கேட்பது. 'இஷ்யூ' பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயமாகவும் இருக்கலாம். கணக்குப் பாடத்தில் வருவது 'பிராப்ளம்' மட்டுமே. பழுதான பம்பு செட்டை 'இஷ்யூ' என்பது பூசி மெழுகுவது; பம்பு ஓடவில்லை என்றே எழுதுங்கள்.

'டேக் இஷ்யூ வித்' என்றால் பிரச்சினையைக் கையில் எடுப்பதா?

இல்லை, ஒருவர் சொன்னதை மறுத்து வாதிடுவது. கையில் எடுப்பது 'டேக் அப் தி இஷ்யூ'. மேலதிகாரிக்கு எழுதும் மெயிலில் இரண்டையும் மாற்றிப் போட்டால், உதவி கேட்கப் போய் சண்டைக்கு இழுத்ததாகிவிடும்.